'இல்லை' என்று எழுதுமுன்

என் தாத்தா உயர்தரம் எழுதிவிட்டு, தனியார் நிறுவனம் ஒன்றில் முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் 'தொழில் அனுபவம்' என்றொரு கட்டம் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார்.

2 வருடங்களுக்கு முன் நானா இதே போன்ற படிவத்தை நிரப்பியபோது, அந்தக் கட்டத்தில் 'வாப்பாவின் புடவைக் கடை, விற்பனை உதவியாளர்' என்று எழுதினார். பாடசாலை விடுமுறைகளில் அவர் கடையில் நின்றது உண்மை. ஆனால் அதே கடையின் கடன் கொப்பியை, சாதாரண தரம் எழுதிய நாளிலிருந்து இரவில் வீட்டில் இருந்து எழுதி வந்தவர் தாத்தா. யார் எவ்வளவுக்கு எடுத்தார், யார் 3 மாதமாகத் தரவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். பழைய பாக்கியில் பாதியாவது தந்தவர்களுக்கு மட்டும் பெருநாளைக்குக் கடன் கொடுப்போம் என்று ஒரு வருடம் சொன்னவரும் அவர்தான். வாப்பா அப்படியே செய்தார். மொத்த வியாபாரிக்குக் காசு கட்ட அந்த முறை அவர் யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை.

கணக்கீட்டுப் பாடத்தில் 'ஐயக்கடன்' என்று நாங்கள் படிப்பது இதைத்தான். பிறகு எப்படி அது 'இல்லை' ஆனது?

அரச பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ பீடங்களுக்கு இசட் புள்ளியே வாசல். அங்கே அனுபவம் கேட்பதில்லை. ஆனால் இசட் புள்ளி போதாமல் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தனியார் பட்டப்படிப்பு, புலமைப்பரிசில், பின்னாளில் எம்.பி.ஏ. என்று போகும்போது இந்தக் கட்டம் நம் முன்னே வரும். அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் 2+2 என்றொரு திட்டம் இருக்கிறது. பட்டப்படிப்பின் இறுதி வருடத்திலேயே எம்.பி.ஏ.க்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இடம் கிடைத்தாலும் குறைந்தது 2 வருடங்கள் வேலை செய்த பின்பே வகுப்பில் உட்காரலாம். வேலை கற்றுத் தருவதைப் புத்தகம் மட்டும் தராது என்பதால்தானே இந்த ஏற்பாடு?

வீட்டில் செய்ததை அனுபவம் என்று எழுதுவது பொய்யாகாதா என்று ஒரு தோழி கேட்டாள். கூட்டி எழுதினால் பொய்தான். கொப்பி எழுதியவள் 'கணக்காளர்' என்று போடக் கூடாது. என்ன செய்தேன், எவ்வளவு காலம் செய்தேன், அதனால் என்ன மாறியது என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். உம்மாவின் தையல் ஓடர்களுக்கு விலை போடுகிறவளும், நோன்பு காலத்தில் வட்டிலப்பம் விற்று முட்டைக்கும் சீனிக்கும் போன காசைக் கழித்து இலாபம் பார்க்கிறவளும் அப்படி எழுதலாம். செய்யாதவர்கள் இன்றே ஒரு கொப்பியைத் தொடங்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் நேரத்தை அது தின்று விடாது. வாரத்தில் ஒரு மணித்தியாலம் போதும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகனைக் கடைக்குக் கூட்டிப் போகிறீர்கள். மகளைக் காசு மேசையில் இருத்த விருப்பமில்லை என்றால், கணக்கையாவது அவளிடம் கொடுங்கள். கொள்முதல் விலையைச் சொல்லுங்கள். நட்டம் வந்தால் அதையும் மறைக்காதீர்கள். அவள் செய்த வேலைக்கு ஒரு கடிதம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

தாத்தா கேட்டபோது வாப்பா தயங்கினார். "பொம்புளப் புள்ள கடையில வேல செஞ்சண்டு எழுதினா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. கடன் கொப்பிகள் மூன்றையும் கொண்டு வந்து மேசையில் வைத்தார். வாப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் தாத்தாவின் கையெழுத்து.

அடுத்த நாள் கடையின் முத்திரை குத்திய கடிதம் வந்தது. தாத்தா 'இல்லை' என்பதை வெட்டிவிட்டு, புதிதாக எழுதினார்.

- உயர்தர வணிகப் பிரிவு மாணவி