ஆய்வு நைட் ஷிப்டுக்கு வரட்டும்

புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பற்றிய ஆய்வுக்கு உலகில் யார் எவ்வளவு பணம் தருகிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது ‘ஜி-ஃபைண்டர்’ அறிக்கை. எச்ஐவி, காசநோய், மலேரியா ஆகிய மூன்றுக்கே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. யானைக்கால் நோய் போன்றவற்றுக்கு மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பமாவது நோயாளி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டாமா?

யானைக்கால் நோய் ஆராய்ச்சிக்கு நம் நாடு புதிதல்ல. மனித ரத்தத்தில் யானைக்கால் புழுவின் குஞ்சுகளை 1872இல் திமோதி லூயிஸ் கண்டது கல்கத்தாவில். 1975இல் புதுச்சேரியில் கொசு ஒழிப்புக்கென்றே ஆராய்ச்சி மையம் அமைந்தது. ஆனாலும் 2016இல் இந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது இலங்கை. நமது இலக்கு 2027.

அந்த இலக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் கண்ணெதிரே தெரிகிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களில் நோய் பரவும் மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை, பிப்ரவரியிலோ ஆகஸ்டிலோ, வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்து, எதிரிலேயே விழுங்க வைக்கிறார்கள். அந்த நாளில் அந்த வீட்டு இளைஞன் பூண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஊரில் அவன் பங்கு மாத்திரை விடுபடுகிறது. இங்கே அவனைக் கேட்பாரில்லை. புழு உடம்பில் ஆண்டுக்கணக்கில் வாழும். கால் வீங்கும்போது காலம் கடந்திருக்கும்.

வடமாநிலத் தொழிலாளர்களால் நோய் பரவுகிறது என்று இதைப் படிப்பது அநியாயம். ஓரிரு கொசுக்கடியில் தொற்றும் நோயல்ல இது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட வேண்டும். பரப்பும் கியூலெக்ஸ் கொசு தேங்கிய சாக்கடையில் பெருகுவது. இங்கே ஓடும் நல்லாற்றில் கழிவுநீரைத் தேங்க விட்டது யார், லைன் வீட்டில் குடியிருக்கும் தொழிலாளியா? சாக்கடையைச் சரிசெய்யும் பொறுப்பு நகராட்சியுடையது.

இந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் மேலே வரும். எனவே ரத்தம் எடுப்பதும் இரவில்தான். நைட் ஷிப்டில் இருப்பவனை விடுதியில் தேடினால் எப்படிக் கிடைப்பான்? கம்பெனி வாசலுக்கே போக வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் பட்டையும் வந்துவிட்டது. அதற்குப் பகல் இரவு பேதமில்லை. முதலில் பட்டை, தொற்று தெரிந்தவர்களுக்கு மட்டும் இரவுப் பரிசோதனை என்று வைத்துக்கொள்ளலாம். புலம்பெயர் தொழிலாளர்களுக்கு இரவில் ரத்தப் பரிசோதனை செய்வது கேரளத்தில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது.

2022இல் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி மையத்தின் துணையுடன் இதைத் தொடர் ஆய்வாக நடத்த வேண்டும். மாத்திரை தவறியவர்களுக்கு, மருத்துவர் பார்த்து இங்கேயே கொடுக்க வேண்டும். பெயர் விவரம் இல்லாத மொத்தக் கணக்கைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வெளியிட வேண்டும். தனி மனிதரின் முடிவு அவருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். ரத்தம் கொடுக்க ஒதுங்கும் அரை மணி நேரத்துக்குக் கம்பெனிகள் சம்பளம் பிடிக்கக் கூடாது. தொற்று இருப்பதாகச் சொல்லி எவரையும் வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. ஏற்றுமதியாளர் சங்கங்கள் இந்த உறுதியை முதலில் எழுத்தில் தரட்டும்.