ஜனம் குறைச்சல் என்று எழுதுகிற கை

"சேரிக்கு கரண்ட் வேணாமா? அணுஉலையை எதிர்க்கறதெல்லாம் மேட்டுக்குடிக்காரன் பொழுதுபோக்கு" என்றார் ஒரு தோழர், மூலக்குளம் டீக்கடையில். கூட இருந்தவர், "இடிந்தகரைல போராடினவங்க மீனவங்க. நமக்கு அதுல என்ன?" என்றார். இரண்டு பேரும் நம் இயக்கத்துக்காரர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வங்கிக் குமாஸ்தா. கடனுக்கு வரும் மனையை மதிப்பிடப் போகிறவர் முதலில் கேட்பது, "காலனிக்குப் பக்கமா?" பக்கம் என்றால் விலை இறங்கும். அதே வில்லியனூர் ரோட்டு மண்தான். அளக்கிற கோலிலேயே சாதி இருக்கிறது.

அணுஉலைக்கு இடம் பார்க்கிற கோல் எப்படி? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 1990ஆம் ஆண்டு விதி சொன்னது: உலையைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்பே கூடாது. 5 கிலோமீட்டருக்குள் 20,000 பேருக்குக் குறைவாக இருந்தால் நல்லது. 30 கிலோமீட்டருக்குள் லட்சம் பேர் வாழும் ஊர் கூடாது. விபத்து நடந்தால் சாவு குறையட்டும் என்கிற கணக்கு. ஒத்துக்கொள்கிறேன். ஆனா அந்தக் கொஞ்சப் பேர் யாரு? விதி கேட்காது. நகரத்துக்கு வட்டத்திலிருந்து விலக்கு, கம்பியில் மட்டும் மின்சாரம். கூடங்குளம் மின்சாரத்தில் நம்ம புதுச்சேரிக்கும் பங்கு உண்டு.

1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டார்கள். 1989இல் சுற்றுச்சூழல் அனுமதி. மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதி பின்னால்தான் வந்தது என்று காரணம் காட்டி, முதல் இரண்டு உலைகளுக்குக் கருத்துக்கேட்பே நடத்தவில்லை. 2011இல் பந்தல் போட்டு உட்கார்ந்து கேட்டவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. 2013 மே மாதம் உச்சநீதிமன்றமும் பெரிய பொதுநலனைக் காட்டி உலைக்கு வழிவிட்டது. அந்தப் 'பொது'வில் நாம எப்ப இருந்தோம், தோழர்?

இடிந்தகரைக்காரர்கள் தலித்துகள் இல்லைதான். ஆனால் ஜாதுகோடாவில் யுரேனியம் தோண்டியது ஆதிவாசி மண்ணில். மத்தியப் பிரதேசத்துச் சுட்காவில் உலைக்குக் குறித்த இடத்தில் இருப்பவர்கள், பர்கி அணைக்காக ஏற்கெனவே ஒருமுறை விரட்டப்பட்ட கோண்டுகள். குப்பைமேடும் சுடுகாடும் சேரிப் பக்கம் வந்த அதே வழிதான் இது.

2047க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். இப்போது இருப்பதோ சுமார் 9. இன்னும் நிறைய இடம் பார்ப்பார்கள். நிலமுள்ளவனுக்கு இழப்பீட்டுப் பேரமாவது இருக்கும். புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கும், அந்த நிலத்தில் நாற்று நட்ட கூலிக்காரிக்கும்?

கரண்ட் வேணும் தோழர். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வையுங்கள்: எங்கே உலைக்கு இடம் பார்த்தாலும், 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நிலமற்றவர் எத்தனை, சேரி எத்தனை என்று முதலில் எண்ணிப் பகிரங்கமாக அச்சிட வேண்டும். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.