கல்யாண நாளும் அத்தை வீட்டு ஹாலும்

"பம்பாய்லதான் உங்க அத்தை இருக்காங்களே, அப்புறம் எதுக்கு ஓட்டலுக்குத் தண்டம் அழணும்?"

புனேயில் குப்பை கொட்டும் தமிழன் எவனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு மைசூரில் சித்தப்பா இருப்பார். ஐதராபாத்காரர்களுக்கு விசாகப்பட்டினத்தில் ஒரு மச்சான். ஊர்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். நானும் நாலு பேரிடம் இதே கேள்வியைக் கேட்டவன்தான். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2012 ஆவணியில். பத்தாவது கல்யாண நாளுக்கு, பொண்ணை ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் விட்டுவிட்டு, தங்கமணியும் நானும் மும்பைக்கு 'ரொமான்டிக் ட்ரிப்'(!) போனோம். தங்கியது டோம்பிவிலியில், அத்தை வீட்டில். ஒரே ஒரு பெட்ரூம் வைத்த வீடு. அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அத்தையும் மாமாவும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். மாமாவுக்கு முட்டிவலி வேறு. அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே ராத்திரி பூராவும் தூங்கவில்லை. கல்யாண நாள் அன்று காலையில் எழுந்து பார்த்தால் தங்கமணி அடுப்படியில் நின்று பயத்தம்பருப்புப் பாயசம் கிண்டிக்கொண்டிருக்கிறாள். "விருந்தாளியா போன இடத்துல சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். சாயங்காலம் மெரின் டிரைவ் போய்ச் சேரும்போது மணி ஏழரை. எட்டரைக்கு அத்தை போன். "சாப்பிடாம காத்திருக்கோம்டா, லோக்கல்ல கூட்டம் குறைஞ்சதும் கிளம்பிடுங்க." எங்கிருந்து குறைவது? டோம்பிவிலி லோக்கலில்!

திரும்பி வரும்போது ரயிலில் தங்கமணி சொன்னது ஒரே வரிதான். "ஏங்க, நான் எங்க லீவு எடுத்தேன்?"

அத்தையைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 2006-ல் வேலை தேடிக் கையில் பெட்டியோடு மும்பை வந்தவனை ஐந்து மாசம் சோறு போட்டு வைத்திருந்தவர் அவர். வடக்கே பிழைக்க வந்த நம்மில் பாதிப் பேர் இப்படி ஒரு அத்தை வீட்டு ஹாலில் படுத்து எழுந்துதான் ஆளாகியிருப்போம். சொந்தக்காரர் வீட்டில் தங்குவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. சீமந்தத்துக்குத் தங்குங்கள், ஆஸ்பத்திரிக்குத் தங்குங்கள், இன்டர்வியூவுக்குத் தங்குங்கள். கல்யாண நாளுக்கு மட்டும் தங்காதீர்கள். அந்த இரண்டு நாள் உங்கள் வீட்டு அம்மணி யாருக்கும் மருமகளாகவோ அண்ணியாகவோ இருக்க வேண்டாம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்குள் அந்தப் பதவியிலிருந்து அவருக்கு ராஜினாமா கிடைக்காது. ரங்கமணிகளுக்கு இது புரியவே புரியாது. ஏனென்றால் நமக்கு எந்த வீட்டிலும் காபி உட்கார்ந்த இடத்துக்கு வந்துவிடுகிறது.

சரி, புத்தி வந்தது என்று அடுத்த வருஷம் ஓட்டல் போட்டேன். அங்கே இன்னொரு முட்டாள்தனம். கிரெடிட் கார்டு தள்ளுபடியில் கிடைத்தது என்று அந்தேரியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திர ஓட்டல். 'ஆனிவர்சரி பேக்கேஜ்' வேறு. கதவைத் திறந்தால் கட்டிலில் ரோஜா இதழால் ஒரு இதயம், குளியல் துண்டை முறுக்கிச் செய்த இரண்டு அன்னப்பறவைகள், பாதி உருகிய கேக். இதழையெல்லாம் பொறுக்கிக் குப்பையில் போடவே கால் மணி நேரம் ஆச்சு. துண்டு வேண்டுமென்றால் அன்னத்தின் கழுத்தைத் திருகியாக வேண்டும்.

அறை நல்ல அறைதான். ஆனால் வாசலைத் தாண்டினால் மேம்பாலம், பைக் சத்தம், கண்ணாடிக் கட்டிடம். நடக்க நடைபாதை கிடையாது. தெற்கு மும்பை போக டாக்ஸியில் ஒண்ணே முக்கால் மணி நேரம். சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதை. மூன்றாவது தடவை போகத் தெம்பில்லாமல் அறையிலேயே படுத்து டிவியில் தமிழ் சீரியல் பார்த்தோம். அதற்குப் புனேயிலேயே சோபா இருக்கிறதே ஐயா!

"இப்பதான் மெட்ரோ வந்துடுச்சே" என்று ஒரு நண்பர் மடக்கினார். வாஸ்தவம். ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரைக்கும் 33.5 கிலோமீட்டர் பூமிக்கடியில் ஓடும் மூன்றாவது பாதை 2025 அக்டோபரில் முழுசாகத் திறந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து சர்ச்கேட்டுக்கு நேராக வரலாம். ஆபீஸ் போகிறவனுக்கு வரப்பிரசாதம். ஆனால் நான் சொல்ல வருவது தூரத்தைப் பற்றி இல்லை, கைக்கடிகாரத்தைப் பற்றி. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் அது எங்கள் பத்தாவது கல்யாண நாள்தான், ரயில் மட்டும் ஏசி.

2024-ல்தான் சரியாகச் செய்தோம் என்று நினைக்கிறேன். காலை டெக்கான் குயினில் ஏறினோம். 1930-லிருந்து ஓடுகிற வண்டி, ஆகஸ்ட் கடைசியில் லோனாவ்லா மலை இறக்கத்தில் ஜன்னல் பூரா அருவிதான். பத்தரை வாக்கில் சிஎஸ்டியில் இறங்கி, கோட்டைப் பகுதியில் பழைய கட்டிடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்த சின்ன ஓட்டலுக்கு நடந்தே போனோம். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் லிப்ட். அறை மத்தியானம் இரண்டுக்குத்தான் என்றார்கள். பையை வரவேற்பில் போட்டுவிட்டு மெரின் லைன்ஸ் பக்கம் கயானி கடைக்குப் போனோம். 1904-லிருந்து இருக்கும் இரானி கடை. பன் மஸ்கா, சாயா. ஓட்டலில் 'காலை உணவு இலவசம்' வாங்காதீர்கள். வாங்கினால், காசு போகுதேன்னு பத்து மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து ஆறிப்போன மெதுவடை தின்பீர்கள். நம்ம ஊர் டிபனுக்கு நாக்கு ஏங்கினால் ஒரு காலை மாதுங்கா போய் கஃபே மெட்ராஸ் வாசலில் வரிசையில் நின்றுவிட்டு வரலாம். அதற்காக மாதுங்காவிலேயே ரூம் தேட வேண்டியதில்லை.

அப்புறம் இந்தக் கடல் தெரியும் அறை மோகம். 'பார்ஷியல் சீ வியூ' என்றால் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினால் நீலமாக ஒரு விரல்கடை தெரியும் என்று அர்த்தம். அதோடு மும்பையில் கடல் இரண்டு பக்கமும் இருக்கிறது. கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் கிழக்கு, அங்கே சூரியன் உதிக்கும். மறைவது மெரின் டிரைவில். இதைக்கூடப் பார்க்காமல் கேட்வே பக்கம் கூடுதல் காசு கட்டி, சாயங்காலம் ஜன்னலோரம் காத்திருந்த ஒரு ஜோடியை எனக்குத் தெரியும் (ஆமாம், என் மச்சான்தான்). மெரின் டிரைவின் கட்டைச் சுவர் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. டிக்கெட் இல்லை, உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். காசை ஜன்னலுக்குக் கொடுக்காமல், அந்தச் சுவரிலிருந்து நடந்து திரும்பும் தூரத்துக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓவல் மைதானத்தை ஒட்டி நடந்தோம். ஒரு பக்கம் வெள்ளைக்காரன் கட்டிய கூம்புக் கோபுரங்கள், மறுபக்கம் 1930-களின் வளைந்த பால்கனி வீடுகள். இரண்டையும் சேர்த்து யுனெஸ்கோ 2018-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தங்கமணி அதையெல்லாம் நிமிர்ந்து பார்த்த மாதிரியே தெரியவில்லை. கல்லூரியில் படிக்கும்போது விட்ட வீணை வகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் வீணை கற்றுக்கொண்டது எனக்குத் தெரியவே தெரியாது! மெரின் டிரைவில் உட்கார்ந்து எழுந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நடந்தே அறைக்கு வந்தோம். யாரும் சாப்பிடாமல் காத்திருக்கவில்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், காசு விஷயத்தில் நாம் கெட்டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு ராத்திரிக்கு 7500 ரூபாய் வரையான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 7500 ரூபாய் அறை வரியோடு 7875. வெறும் நூறு ரூபாய் கூடுதலான 7600 ரூபாய் அறை 8968. அந்த நூறு ரூபாய்க்காக 1093 ரூபாய் அழ வேண்டாம். போனில் கேட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் தெருவைப் பார்க்கிறதா, இல்லை காற்றுக் கிணற்றைப் பார்க்கிறதா என்று. பழைய கட்டிடங்களில் இது முக்கியம்.

அடையாள அட்டை இருவருக்கும் வேண்டும். தங்கமணியின் ஆதாரில் இன்னும் அவள் அப்பா பெயர்தான். அதைப் பார்த்த வரவேற்பு ஆசாமி, "மேரேஜ் ப்ரூஃப் இருக்கா சார்?" என்றார். கல்யாண நாள் கொண்டாட வந்தவனிடம்! கல்யாணம் ஆகாதவர்கள் ஒரே அறையில் தங்கக்கூடாது என்று சட்டமே இல்லை. கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே 2019-ல் சொல்லிவிட்டது. இதையெல்லாம் அவரிடம் பேசாமல் கல்யாண ஆல்பத்தை மொபைலில் காட்டினேன். என் மீசையைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாவி கொடுத்தார்.

ஆவணியில் கல்யாணம் ஆனவர்கள் இன்னொன்றும் பார்க்கணும். மும்பையில் அது பிள்ளையார் சீசன். விசர்ஜனம் நடப்பது மெரின் டிரைவின் வடக்கு முனையில் இருக்கும் கிர்காவ் சௌபாத்தியில். அன்றைக்கு அங்கே தனிமை தேடிப் போனால் லட்சம் பேரோடு தனியாக இருக்கலாம். 2025-ல் சதுர்த்தி ஆகஸ்ட் 27, எங்கள் நாளை ஒட்டியே வந்துவிட்டதால் மும்பை பக்கமே போகவில்லை.

அத்தையிடம் 2024-லேயே போன் போட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒளித்து வைத்துப் போய், யாரோ போட்ட போட்டோவில் மாட்டிக்கொள்வதைவிட இது மேல். முதலில் கோபம்தான். "நம்ம வீடு சின்னதா போச்சாக்கும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கோட்டைப் பக்கமா? மாமாவுக்கு ஆபீஸ் அங்கதான் இருந்துது. நான் ஒரே ஒரு தடவை வந்திருக்கேன், பாங்க்ல கையெழுத்துப் போட." டோம்பிவிலிக்கு அவர் வாழ வந்தது 1987-ல்.

வருகிற தையில் அவர்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள். லிப்ட் இருக்கிறதா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று விசாரித்து அதே தெருவில் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன். மாமாதான் மசிய மாட்டேன் என்கிறார். "முப்பது வருஷம் தினமும் தொங்கிக்கிட்டுப் போய் வந்த இடம்டா, அங்க போய் காசு குடுத்துத் தூங்கணுமா?" பின்னாலிருந்து அத்தை குரல் கேட்டது. "அவர் கெடக்கார், நீ ரூமைப் போடு."