ஓட்டு கேட்டு வருபவரிடம் காவல் நிலையத்தைப் பற்றியும் கேளுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேர்தல் நேரம் என்பதால் எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் ஓட்டு கேட்கவில்லை. அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

என்னிடம் படித்து, இப்போது அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒரு மாணவர் முன்பொரு முறை போன் செய்தார். "சார், இங்க ஓட்டுச் சீட்டு முழ நீளத்துக்கு இருக்கு. ஜனாதிபதியில ஆரம்பிச்சு அரசு வக்கீல், ஷெரீப் வரைக்கும் ஓட்டுப் போடணும். மேல நாலு பேரைத்தான் தெரியுது. கீழ இருக்கிறவங்க யாருன்னே தெரியல" என்றார். "கீழே இருப்பவர்களைப் பற்றி விசாரித்துவிட்டுப் போடப்பா. உன் தெருவுக்கு வரப்போவது அவர்கள்தான்" என்றேன்.

அங்கே கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. அதன் சிறைக்கும் காவலுக்கும் பொறுப்பானவர் ஷெரீப். யார் மீது வழக்கு நடத்துவது, யாரை விடுவது, எவ்வளவு தண்டனை கேட்பது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர். பெரும்பாலான மாநிலங்களில் இந்த இருவரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அரிசோனாவின் மரிக்கோப்பா கவுன்ட்டியில் ஜோ அர்பையோ என்பவர் 1992இல் ஷெரீப்பாகத் தேர்வாகி 24 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். பாலைவன வெயிலில் கூடாரம் போட்டுக் கைதிகளை அடைத்துவைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். 2016இல் மக்கள் ஓட்டுப் போட்டு அவரைத் தோற்கடித்தார்கள். அடுத்து வந்தவர் கூடாரச் சிறையை மூடினார். பிலடெல்பியாவில் போலீஸ் மீது வழக்குப் போட்டே பெயர் வாங்கிய லாரி கிராஸ்னர் 2017இல் அரசு வழக்கறிஞராகத் தேர்வானார். பிறகும் ஜெயித்தார். சான் பிரான்சிஸ்கோவில் இதே மாதிரிச் சீர்திருத்தம் பேசி 2019இல் வென்ற சேசா பூடினை, 2022இல் அதே மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கிவிட்டார்கள். ஏற்றுவதும் இறக்குவதும் மக்கள் கையில் இருக்கிறது.

நமக்கு அந்த ஏற்பாடு இல்லை. சென்னையில் ஒரு காலத்தில் ஷெரீப் என்று ஒருவர் இருந்தார். அது அலங்காரப் பதவி. 1990களின் கடைசியில் அதுவும் போய்விட்டது. எஸ்.பி.யையோ, மாவட்ட நீதிமன்றத்தில் வாதாடும் அரசு வழக்கறிஞரையோ நாம் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் அந்தத் தேர்தல் வந்தால் சாதியும் பணமும் அதையும் விழுங்கிவிடும்.

ஆனால் "அப்படியென்றால் என் ஓட்டுக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. சம்பந்தம் இருக்கிறது. பழைய குடிமையியல் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள். பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது நம் எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்து அமைக்கும் அரசுதான் காவல்துறைக்கு எஜமான். செஷன்ஸ் நீதிமன்றத்தில் வாதாடும் அரசு வழக்கறிஞருக்குக் கலெக்டர், மாவட்ட நீதிபதியைக் கலந்துகொண்டு ஒரு பெயர்ப் பட்டியல் தயார் செய்வார். அதிலிருந்து நியமிப்பது மாநில அரசு. ஆட்சி மாறினால் கோர்ட்டில் அரசு வக்கீல்களும் மாறுவதை வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டாலே சொல்வார்.

குண்டர் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டம். ஒருவரை விசாரணை இல்லாமல், தண்டனை இல்லாமல், 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். மாவட்டத்தில் ஆணையில் கையெழுத்துப் போடுவது கலெக்டர். ஆனால் அந்த ஆணைக்கு 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தராவிட்டால் அது செல்லாது. அந்த ஒப்புதல், நம் ஓட்டால் வந்த அரசின் ஒப்புதல்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நம் மாவட்டத்திலேயே நடந்தது. செய்யாறு பக்கம் மேல்மா உள்ளிட்ட கிராமங்களில், சிப்காட் விரிவாக்கத்துக்காக மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க அரசு முனைந்தது. விவசாயிகள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். 2023 நவம்பரில் கைது செய்யப்பட்டவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. நெல்லும் கரும்பும் விளையும் நிலத்தை விடமாட்டேன் என்று உட்கார்ந்தவருக்குக் குண்டர் என்று பெயர். தமிழ்நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. கட்சிகள் பேசின, பத்திரிகைகள் எழுதின. சில நாட்களுக்குள், குடும்பத்தினர் கொடுத்த கோரிக்கையை ஏற்பதாகச் சொல்லி, ஆறு பேர் மீதான ஆணையை ரத்து செய்ய முதல்வர் உத்தரவிட்டார். ஏழாவது நபருக்கு அப்போது அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆறு பேருக்கும் எந்த நீதிமன்றத்திலும் விசாரணை நடந்து முடியவில்லை. புதுச் சாட்சி எதுவும் வரவில்லை. சட்டமும் மாறவில்லை. போட்ட பூட்டை அரசே திறந்தது, அவ்வளவுதான். சாவி எங்கே இருக்கிறது என்று அந்த வாரம் நமக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டு கேட்டு வரவேண்டியவர்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு சம்பவத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, 20 தமிழர்களை அந்த மாநிலத்தின் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் நம் மாவட்டத்து மலையடிவாரக் கிராமங்களையும் ஜவ்வாது மலையையும் சேர்ந்த கூலிக்காரர்கள். அந்த விதவைகள் யாரிடம் போவார்கள்? சுட்ட போலீஸ் வேறு மாநிலம். வழக்குப் போட வேண்டிய அரசு வேறு மாநிலம். அங்கே எந்தத் தலைவருக்கும் இவர்கள் வாசலில் வந்து கைகூப்ப வேண்டிய தேவை இல்லை. இவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை.

ஓட்டு இருந்த இடத்தில் ஒரு வாரத்துக்குள் பூட்டு திறந்தது. ஓட்டு இல்லாத இடத்தில் வருடக்கணக்கில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஓட்டுக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான் சம்பந்தம்.

இதை எந்தக் கட்சிக்கும் எதிராகச் சொல்லவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்தபோது ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் நகைத் திருட்டு விசாரணை என்ற பெயரில் அடித்துக் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தது தி.மு.க. கோயிலை நம்பிப் பிழைக்கும் ஊர் நம்முடையது. இங்கே எத்தனை காவலாளிகள், செருப்புக் கடைக்காரர்கள், பூ விற்பவர்கள், கிரிவலப் பாதையில் படுத்திருக்கும் சாமியார்கள்! ஒரு நகை காணோம் என்றால் முதலில் யார் மேல் கை விழும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்சி மாறியது. காவல் நிலையத்தின் பின்னறை மாறவில்லை. ஏன் என்றால், பின்னறையை மாற்றச் சொல்லி நாம் யாரும் ஓட்டுப் போடவில்லை.

அரசு வழக்கறிஞர் யார் என்பதில் என்ன பெரிய வித்தியாசம் என்று சிலர் கேட்பீர்கள். கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015இல் திருச்செங்கோடு கோயிலுக்கு ஒரு தோழியோடு போன தலித் இளைஞன், பிறகு தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். முக்கியச் சாட்சியே பிறழ்ந்துவிட்டார். வழக்கு நடக்கும் விதத்தில் நம்பிக்கை இழந்த தாய் சித்ரா, வேறு அரசு வழக்கறிஞர் வேண்டும் என்று போராடினார். ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். கோயில் கேமராப் பதிவு முக்கிய ஆதாரமாக நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றமும் யுவராஜ் மீதான தண்டனையை உறுதி செய்தது. எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் படிக்கவேண்டிய வழக்கு அது. நல்ல அரசு வழக்கறிஞரைக் கேட்டு வாங்க ஒரு தாய் எவ்வளவு அலையவேண்டியிருந்தது என்பதும் அதில் ஒரு பாடம்.

இனி நம்மைப் பற்றி. கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்று செய்தி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மாவுக்கட்டுப் படத்தைப் போட்டுச் சிரிக்கிறோம். நம் வாட்ஸப் குழுக்களில் அதற்குக் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வருகின்றன. 2019இல் ஹைதராபாத்தில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற போலீசார் மீது மக்கள் பூத்தூவினார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அவர்களைக் கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. கொல்லப்பட்டவர்களில் மூன்று பேர் சிறார்கள் என்றும் சொன்னது. பூத்தூவியவர்கள் அந்த அறிக்கையைப் படித்தார்களா?

நாம் எதற்குக் கைதட்டுகிறோமோ அதைத்தான் அரசியல்வாதி கொடுப்பார். அமெரிக்காவிலும் அர்பையோவை 24 ஆண்டுகள் ஜெயிக்கவைத்தது மக்கள்தான். தேர்தல் ஒரு கண்ணாடி மாதிரி. முகத்தைத்தான் காட்டும்.

"சார், கஞ்சா பெருகிவிட்டது. பெண் பிள்ளைகள் தனியாகப் போக முடியவில்லை. இந்த நேரத்தில் போலீஸ் கையைக் கட்டலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். பேத்தியை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தாதான் நானும். ஆனால் 2025 செப்டம்பர் கடைசியில் நம் ஊர்ப் புறவழிச்சாலையில் என்ன நடந்தது? ஆந்திராவிலிருந்து வந்த ஒரு இளம்பெண்ணை ரோந்து போன காவலர்கள் இரண்டு பேரே பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு. கைதாகி, வேலையும் போனது. அந்த இரவில் அந்தப் பெண்ணுக்கு என்ன தேவைப்பட்டது? கேள்வி கேட்க ஆளில்லாத போலீசா? பதில் சொல்லக் கடமைப்பட்ட போலீசா?

போலீசில் என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தீபத்தன்று லட்சக்கணக்கான கூட்டத்தில், சாப்பாடு தண்ணி இல்லாமல் நின்று, தொலைந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் அவர்கள். ஒழுங்கான காவலருக்கு ஒழுங்கான சட்டம் பாதுகாப்புதான். மேலிடத்தின் தவறான உத்தரவுக்கு "முடியாது சார்" என்று சொல்ல அவருக்கும் ஒரு பிடிமானம் வேண்டாமா?

மேடையில் முற்போக்கு பேசாத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. துண்டின் நிறத்தை வைத்து முற்போக்கை அளக்காதீர்கள். வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று. நிலத்துக்காகவோ தண்ணீருக்காகவோ போராடுபவர் மீது குண்டர் சட்டம் போட்டால், உங்கள் கட்சி ஆட்சியே என்றாலும் சட்டமன்றத்தில் எழுந்து பேசுவீர்களா?

இரண்டு. காவல் நிலையம் முழுவதும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. சாத்தான்குளத்தில் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. நம் தொகுதிக் காவல் நிலையங்களில் கேமரா வேலை செய்கிறதா என்று கேட்டுச் சொல்வீர்களா?

மூன்று. போலீஸ் மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாவட்டத்தில் கலெக்டரைத் தலைவராகவும் எஸ்.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. எஸ்.பி.யின் ஆட்கள் மீதான புகாரை எஸ்.பி.யே விசாரிப்பது சரியா?

நான்கு. அரசு வழக்கறிஞர் நியமனத்தில் கட்சிக்காரரா என்று பார்ப்பீர்களா, வழக்கு நடத்தத் தெரிந்தவரா என்று பார்ப்பீர்களா?

ஐந்து. ஸ்டேஷனில் ஒரு ஏழை அடிபடுகிறான் என்று இரவு போன் வந்தால் எடுப்பீர்களா? எடுத்து, அடித்தவருக்காகப் பேசுவீர்களா, அடிபட்டவனுக்காகவா?

ஐந்தாவது கேள்விக்கு அவர் முகத்தைப் பாருங்கள். பதில் வாயில் வருவதற்கு முன் முகத்தில் வந்துவிடும். நாற்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன்.

பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். ரோடு, குடிதண்ணீர், பட்டா, முதியோர் பென்ஷன், எல்லாம் ஓட்டு போடுவதற்கு முன் வரிசையில் பேசக் கேட்டிருக்கிறேன். காவல் நிலையத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசியதில்லை. நம் மாவட்டத்தில் எட்டு தொகுதிகள். ஒரு தொகுதிக்கு நூறு பேர் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டால் போதும். அடுத்த முறை மேடையேறும்போது வேட்பாளர் பதிலோடுதான் வருவார்.

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்கள் சிறைக்குள்ளிருந்து ஓட்டுப் போட முடியாது, சட்டம் அனுமதிப்பதில்லை. வெளியே இருக்கும் நாம்தான் அவர்களுக்கும் சேர்த்து யோசித்துப் போடவேண்டும்.

நம்மூர் வேட்பாளர்கள் யாரிடமாவது இதைக் கேட்டிருந்தால், அவர் என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள். திட்டாமல் எழுதுங்கள். சொன்னதை அப்படியே எழுதினால் போதும்.