பேய்க்கதையும் மனச்சாட்சியும்

எலிசபெத் காஸ்கெல் அம்மையார் (1810–1865), மான்செஸ்டர் நகரத்து ஆலைத் தொழிலாளர் படும் இன்னல்களை 1848-ஆம் ஆண்டில் ‘மேரி பார்ட்டன்’ என்னும் நாவலின் வாயிலாக உலகறியச் செய்தவர். யூனிட்டேரியன் போதகர் ஒருவரின் மனைவியார். பகுத்தறிவைப் பெரிதும் போற்றும் சமயக் குழுவிற் பிறந்து வளர்ந்தவர். இத்தகையார் பேய்க்கதைகளும் எழுதினார் எனக் கேட்டு வியப்பார் பலர். அவை பத்திரிகைகளின் பொருட்டுப் பொழுதுபோக்காக எழுதப்பட்டவை என்று ஒதுக்குவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது என்பதே எமது துணிபு.

சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வோர்ட்ஸ்’ பத்திரிகையின் 1852-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இதழில், முதிய செவிலி ஒருத்தி கூறுவதாக அம்மையார் ஒரு கதை வரைந்தார். அயல்நாட்டு இசைவாணன் ஒருவன்மீது தமக்கை, தங்கை இருவரும் காதல் கொள்கின்றனர். தமக்கை அவனை மறைவில் மணந்து மகவீன்றதைத் தங்கை பொறாமையால் தந்தைக்கு வெளிப்படுத்துகிறாள். சினங்கொண்ட தந்தை தாயையும் சேயையும் கொட்டும் பனியில் துரத்திவிட, குழந்தை மடிகிறது. ஆண்டுகள் பல கழிந்தபின், முதுமையுற்ற தங்கையின் கண்முன்னே அக்காட்சி மீண்டும் தோன்றுகிறது. இரக்கமின்றி நிற்கும் தன் இளமை உருவத்தையும் அவள் அதிற் காண்கிறாள்.

பேயுருவங்களைக் குழந்தை ஒருத்தியே காண்பதாகக் கதையை முடித்தல் நலமென டிக்கன்ஸ் வற்புறுத்தினார், அம்மையார் இசைந்தாரில்லை. குற்றம் புரிந்தவளே காணாவிடின் அப்பேயினால் ஆவதென்ன? ஆலை முதலாளிகளை நோக்கி அவர் நாவலில் எழுப்பிய வினாவே ஈண்டுப் பேயுருக்கொண்டு வந்தது: ‘நீ வாயிலில் நின்று துரத்தியவர் யாவர்?’

இனி, 1859-இல் வெளியான ‘லோயிஸ் என்னும் சூனியக்காரி’ என்ற கதையை நோக்குவோம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த சேலம் நகரில் 1692-ஆம் ஆண்டு மூண்ட சூனிய வழக்குகளே அதன் களம். அவ்வழக்குகளில் பத்தொன்பதின்மர் தூக்கிலிடப்பட்டனர் என்பது வரலாறு. பெற்றோரை இழந்து இங்கிலாந்திலிருந்து மாமன் வீட்டை அடைந்த லோயிஸ் என்னும் நங்கை, அவ்வீட்டாராலேயே பழிசுமத்தப்பெற்று உயிர் துறக்கிறாள். இக்கதையில் பேய் ஒன்றேனும் தோன்றவில்லை. பேயைப் பற்றிய அச்சமே கொலை செய்கிறது. பழி சுமத்தினோர் கள்வரோ கயவரோ அல்லர். நாடோறும் திருமறை ஓதிய மக்களே.

இவ்விரு கதைகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் அம்மையாரின் உள்ளம் புலனாம். முதற்கதையில் அச்சம் ஒருத்தியைத் தன் குற்றத்தை நோக்கத் திருப்புகிறது. மற்றதில் ஓர் ஊரையே அயலாள்மீது ஏவுகிறது. முன்னது மனச்சாட்சி, பின்னது மூடநம்பிக்கை. பேய் உண்டோ இலதோ என்று வாதிடுவதினும், நம் அச்சம் எத்திசை நோக்கி விரல் நீட்டுகிறது என்று ஆராய்வதே அறிவுடையார் செயலாம்.

சேலத்து நீதிபதிகளுள் ஒருவராகிய சாமுவேல் சூவல் 1697-இல் சபையார் முன்னிலையில் தம் குற்றத்தை ஏற்று நின்றார். ஆயின், மாண்டவர் மீண்டிலர். கூட்டத்தோடு கூடிப் பிறர்மேற் பழி தூற்ற நா எழுங்கால், மாணவ நண்பர்கள் இதனை நினைவார்களாக.