பொத்தானைப் பழிக்காதீர்கள்

மாலை நடை முடிந்து கடற்கரைச் சாலையில் நாங்கள் உட்காரும் பெஞ்சில் போன வாரம் ஒரு வாக்குவாதம். புது லாரிகளில் ஹேண்ட் பிரேக் லீவருக்குப் பதில் ஒரு சின்னப் பொத்தான்தானாம். "கையால இழுத்த நம்பிக்கை பொத்தான்ல வருமா? கரண்ட் போனா வண்டி உருண்டுடாதா?" என்றார் ஒரு நண்பர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

ஏர் பிரேக் லாரி நிற்கும்போது சக்கரத்தைப் பிடித்திருப்பது கரண்டும் அல்ல, காற்றும் அல்ல. ஒரு முரட்டு ஸ்பிரிங். ஓடும்போது காற்றழுத்தம் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும். லீவரை இழுத்தால் 'புஸ்' என்று காற்று வெளியேறும், ஸ்பிரிங் விரிந்து பிரேக்கை இறுக்கும். பொத்தானும் அதே காற்றைத்தான் வெளியேற்றுகிறது. நிறுத்திய வண்டியில் பேட்டரி செத்தாலும் ஸ்பிரிங் பிடியை விடாது.

ரயிலில் கதை வேறு. 2013 ஜூலையில் கனடாவின் லாக்-மெகான்டிக் ஊரில் நடந்ததைப் பிரெஞ்சில் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெய் ரயிலை மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். என்ஜின் அணைந்ததும் காற்று கசிந்து பிரேக் தளர்ந்தது. கையால் போட்டிருந்த ஏழு பிரேக்குகள் போதவில்லை. 47 பேர் போனார்கள். 'கையால் போட்டேன், போதும்' என்ற நம்பிக்கையின் விலை அது.

நம் வீட்டுக் கதையும் உண்டு. என் மைத்துனர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர், கெட்டிக்காரர். செஞ்சி சாலையில் ஒரு சரிவில், இரண்டு ராத்திரி தூங்காத கண்ணோடு டீ குடிக்க இறங்கினார். லீவரை இழுக்க மறந்துவிட்டார். சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்த கிளீனர் பையனுக்கு ஒரு கால் போனது. லீவரில் ஒரு பழுதும் இல்லை. மைத்துனர் சாகும்வரை அந்தப் பையன் பெயரைச் சொல்லாத நாள் இல்லை.

வால்வோ, ஆக்ட்ரோஸ் போன்ற லாரிகளில் வரும் புது ஏற்பாட்டில் என்ஜினை அணைத்தாலே பிரேக் தானாக விழும். அன்று அது இருந்திருந்தால் அந்தப் பையன் இன்று இரண்டு காலில் நடப்பான்.

குறை இல்லாமல் இல்லை. சென்சார் கெட்டால் சாலையோர மெக்கானிக் கையைப் பிசைவார். அவருக்குப் பயிற்சி கொடுங்கள் என்று கம்பெனிக்காரர்களைக் கேட்போம். சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டாம். கருவூலத்தில் இரண்டு பேர் கையில் இரண்டு சாவி இருக்கும். ஒருவர் மீது சந்தேகம் என்றா அப்படி வைத்தார்கள்? மனிதன் என்றால் தவறுவான், அதற்காகத்தான்.

ராத்திரி லாரி ஓட்டாத நாம் பெஞ்சில் உட்கார்ந்து லீவருக்கு வக்காலத்து வாங்க வேண்டாம், நண்பர்களே. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிறவர்கள் நாம்.