சுழற்றினாலும் போகாத கந்தகம்

பழைய டயர்களைக் காற்றுப் புகாத உலையில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், எடையில் சுமார் 40 சதவீதம் எண்ணெயாகிறது. கறுப்பு நிறம், மூக்கைத் துளைக்கும் நாற்றம். சுத்திகரிக்க வந்திருக்கிறது சென்ட்ரிஃப்யூஜ். பால் பண்ணையில் கிரீம் பிரிக்கும் அதே தத்துவம்தான்: நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும்போது, கனமான கரித்தூளும் நீரும் ஓரத்துக்கு ஒதுங்க, எண்ணெய் தெளிகிறது. பாய்லர்களில் பர்னர் அடைத்துக்கொள்ளும் தொல்லை குறைகிறது.

ஆனால் எண்ணெயில் கரைந்த கந்தகம் அசைந்து கொடுப்பதில்லை. அது சுமார் 1 சதவீதம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் கட்டாயமான பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் அனுமதிக்கப்படுவதோ 10 பி.பி.எம். மட்டுமே. அதாவது, ஆயிரம் மடங்கு வித்தியாசம். தெளிவாக இருப்பதெல்லாம் டீசல் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மிச்சம், புகைபோக்கி வழியே அக்கம்பக்கத்தாரின் நுரையீரலுக்குப் போகிறது.